காலையில் மட்டும் இழுக்காத கார்

கார் ரிப்பேர் தொழிலில் ஆளைக் கொல்லுகிற கோளாறு எது என்று கேட்டால், இன்ஜின் உடைவதோ ஆக்ஸில் முறிவதோ இல்லை, விடியற்காலையில் இருந்துவிட்டுப் பத்து மணிக்குள் தானாகக் காணாமல் போகிற கோளாறுதான்.

பழைய கார் வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்கிறீர்கள். இன்ஜின் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது, இருமுகிறது, தெருமுனை திரும்புவதற்குள் நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடி உங்கள் மானத்தை வாங்குகிறது. அப்போது எங்களுக்கும் மானம் போகிறது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருத்துறைப்பூண்டியில் வேதாரண்யம் சாலையில் எங்கள் ஷெட். வீட்டுக்காரர் மெக்கானிக். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷத்திலிருந்து அவரோடு ஷெட்டில் நிற்கிறேன். மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது, ப்ளக் சுரண்டுவது, கார்ப்பரேட்டரைப் பிரித்தால் எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று துணியில் வரிசையாக அடுக்குவது என் வேலை. கவலைப்படுவதும் என் வேலைதான். அவருக்கு அது வராது.

சூடேற்றிக்கொண்டு வந்த பாய்

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், சிங்கப்பூரிலிருக்கும் அண்ணனுடைய பழைய காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வண்டி திணறுகிறது என்று மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் வண்டி பூப்போல ஓடியது. நாங்கள் ப்ளக்கை மாற்றினோம், பாயின்ட்டைத் தேய்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தடவை அவர் நடந்து வந்தார். வண்டி கிளம்பவே இல்லையாம். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சோக் கம்பி நடுவில் சிக்கி, உள்ளே இருக்கிற தகடு பாதிதான் மூடியது. குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஐந்து நிமிஷ வேலை.

ஷெட்டில் இது ஏன் தெரியவில்லை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. மெக்கானிக்கிடம் போகிற வண்டி இப்படி இருமிக்கொண்டு போவது மரியாதை இல்லை என்று, ஒவ்வொரு தடவையும் ரயிலடிவரை இரண்டு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. உண்மையாகவே புரியாமல் சொன்னார்: “டாக்டர்கிட்ட போறப்ப குளிச்சிட்டுத்தானே போவோம், தங்கச்சி.”

அரக்கு முத்திரை

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஊர்கள் இரண்டு இரண்டாகக் கிடந்தன. கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, குடியிருக்கிற மனைக்குப் பட்டா, அறுப்புக் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம், மறு பக்கம் மிராசுதார்கள். தை அறுவடை நெருங்கினால் வயலோரம் போலீஸ் வேன் நிற்கும். நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. எல்லாப் பக்கத்து வண்டியும் எங்களிடம்தான் வரும்.

எட்டு மைல் தள்ளி ஒரு ஊரிலிருந்து ஒரு மிராசுதாரின் கறுப்புக் கார் வந்தது. அவரே ஓட்டி வந்தார். டிரைவரின் மச்சான் சங்கத்தில் சேர்ந்ததால் டிரைவரை நிறுத்திவிட்டாராம். கூட அவருடைய பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர். காலையில் வண்டி இழுக்கவே இல்லை, வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் நின்றுபோகிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் பெட்ரோலைப் பார்க்க வேண்டும் என்றதும், காரியக்காரர் பின்பக்கம் போய் மடியிலிருந்து பேனாக்கத்தி எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். டாங்கு மூடியின் மேல் மெழுகுத் துணி போர்த்திக் கழுத்தில் கயிறு இறுக்கி, முடிச்சிலும் ஓரத்திலும் அரக்கு உருக்கி ஊற்றி, அதில் முத்திரை பதித்திருந்தது.

களத்தில் அடித்துக் குவித்த நெல்லை யாரும் அள்ளக்கூடாது என்று, குவியலின் மேல் ஈரமண் வைத்து முத்திரைக் கட்டையால் குறி போடுவது பண்ணைகளில் வழக்கம். ஒரு கைப்பிடி எடுத்தாலும் குறி கலைந்துவிடும். காருக்கு மண் நிற்காது என்பதால் அரக்கு. ஆட்கள் டாங்கில் எதையாவது போட்டுவிடுவார்கள் என்ற பயம். முத்திரையைக் காரியக்காரர் ஒருவர்தான் உடைக்கலாம், அவர்தான் திரும்ப வைக்கலாம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். காரியக்காரர் பெருமையாகச் சொன்னார்: “களத்துல கெடக்கிற நெல்லுக்கே முத்திரை வைக்கிறோம் மேஸ்திரி, பெட்ரோல் என்ன நெல்லைவிட மட்டமா?”

கொடிக்கம்பத்துக்கு எதிரில்

அன்றைக்குச் சோக்கைச் சரிபார்த்து, ப்ளக் மாற்றி அனுப்பினோம். ஷெட்டில் நன்றாக ஓடியது. நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தது. பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து உள்ளே இருக்கிற ஜவ்வைப் புதிதாகப் போட்டோம். அப்போதும் ஷெட்டில் நன்றாக ஓடியது.

அடுத்து நடந்ததைக் காரியக்காரரும் சொன்னார், பிறகு எதிர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன். தஞ்சாவூர் கோர்ட்டுக்கு உச்சவரம்பு வழக்குக்காக மிராசுதார் பனியோடு கிளம்பியிருக்கிறார். கூலிக்காரர்கள் குடியிருக்கிற தெருவின் முனையில், சங்கத்துக் கொடிக்கம்பத்துக்கு நேர் எதிரில் வண்டி இருமி நின்றுவிட்டது. அறுப்பு நிறுத்தம் நடக்கிற நேரம். தெருவில் முப்பது நாற்பது பேர். மிராசுதார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

யாரும் கல்லெடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஏழெட்டுப் பேர், அதில் பெண்களும் உண்டு, பின்னால் வந்து கை வைத்துத் தள்ளி, பாலத்து ஏற்றம் தாண்டிச் சாலையில் விட்டார்கள். சரிவில் வண்டி பிடித்துக்கொண்டது. அவர் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி ஒரு நோட்டை நீட்டினாராம். தள்ளின பெண்களில் ஒருத்தி வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “தள்ளுனதுக்கு நாங்க கூலி கேக்கலைங்க, அறுப்புக்குத்தான் கேக்குறோம்.”

தட்டில் ஊற்றிய பெட்ரோல்

அந்த அவமானத்துக்குப் பிறகு மிராசுதாருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சரியாக அந்த இடத்தில் வண்டி நிற்பானேன்? யாரோ டாங்கில் சர்க்கரையோ மருந்தோ கலந்திருக்கிறார்கள். யார்? தினம் காலையில் நெல் கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திக் கழுவுகிறவன் கோவிந்தன். பண்ணையில் இருபது வருஷமாக வேலை செய்கிறவன், ஆனால் சங்கத்தில் சேர்ந்துவிட்டான். முத்திரை உடையவில்லையே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உடைக்காமல் போடத் தெரிந்தவன் என்றார் மிராசுதார்.

டாங்கை இறக்கி முழுக்க வடித்தோம். சர்க்கரை பெட்ரோலில் கரையாது, மணல் போல அடியில் தங்கும். ஒன்றும் தங்கவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி நிழலில் வைத்தேன். காய்ந்த பிறகு விரலால் தடவினேன். பிசுக்கு இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவ்வளவு சுத்தமான பெட்ரோலை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னோம். மிராசுதார் எழுந்து நின்றுகொண்டே சொன்னார்: பெட்ரோலில் வெளியாள் எதையோ கலந்ததால்தான் வண்டி நிற்கிறது என்று மெக்கானிக் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், ஸ்டேஷனில் கொடுக்கத் தேவைப்படுகிறது. நாளைக்குத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் தப்பித்துக்கொண்டார்.

இப்போது எழுதப்போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சாயங்காலம் நான்தான் அவரிடம், எழுதிக் கொடுத்துவிடுங்கள், பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு, ஷெட்டுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வோம் என்று நச்சரித்தேன். கலந்திருக்கலாம், கலக்காமலும் இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்று தடவை பிரித்தும் கோளாறு பிடிபடாத மெக்கானிக்குக்கு, யாரோ ஒருவன் செய்தான் என்பது எவ்வளவு சௌகரியமான பதில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் அவர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்: “கெட்ட எண்ணத்துல இல்லடி, தெரியலைன்னு எழுத வெக்கமா இருக்கு, அதான் கலந்துருக்கான்னு எழுதத் தோணுது.”

அஞ்சலை கேட்டது

மறுநாள் மத்தியானம் ஷெட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கோவிந்தனின் பெண்சாதி, பெயர் அஞ்சலை என்றாள். நோட்டை வாங்காதவள் அவள்தான் என்று பேச்சில் தெரிந்தது. முதல் நாள் சாயங்காலமே கோவிந்தனை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் குடிசை இருப்பது மிராசுதாரின் மனைக்கட்டில். பட்டாவுக்கு எழுதின பட்டியலில் கோவிந்தன் பெயர் இருந்தது. அவன் மேல் கேஸ் விழுந்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், குடிசையைப் பிரித்துப் போடலாம். மெக்கானிக் தருகிற தாளுக்காகத்தான் கேஸ் எழுதாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டேஷன் வாசலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மைல் நடந்து வந்திருந்தாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோவிந்தன் ஒன்றும் கலக்கவில்லை என்று எழுதச் சொல்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். செம்பைக் கவிழ்த்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அவருக்காக ஒண்ணும் எழுத வேணாம்மா, நீங்க பாத்தத எழுதுங்க, பாக்காதத எழுதாதீங்க.”

முதல் பஸ்

அவள் போன பிறகு எனக்கு ஜவுளிக்கடை பாய் ஞாபகம் வந்தார். மிராசுதார் கார் ஒரு தடவைகூட எங்களிடம் ஜில்லென்று வந்ததில்லை. எட்டு மைல் ஓடிச் சூடாகித்தான் வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆள் அனுப்பி, தாள் நாளைக் காலையில் நேரில் வந்து தருகிறோம், அதுவரை வண்டியை யாரும் அசைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். விடியற்காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். மார்கழி கடைசி. வயலெல்லாம் பனி. அறுக்க ஆளில்லாத கதிர் சாய்ந்து கிடந்தது.

கொட்டகையில் கார் நின்றது. டாங்கு மூடியில் அரக்கு அப்படியே இருந்தது. காரியக்காரர் கத்தியை எடுக்கப் போனார். வேண்டாம், தினம் காலையில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே எடுங்கள் என்றார் என் வீட்டுக்காரர். மிராசுதார் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். பிடித்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். அவர் சொன்னது அத்தனையும் எங்கள் கண்முன்னால் நடந்தது: இருமல், திணறல், பலமே இல்லை. ஆண்கள் மூன்று பேரும் முன்பக்கம். நான் ஒதுங்கிப் பின்பக்கம் நின்றேன். இன்ஜினுக்குப் பெட்ரோலே வரவில்லை, டாங்கைத் திறங்கள் என்று வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். காரியக்காரர் வந்து அரக்கை வெட்டித் துணியை உரித்தார். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ‘உஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். வெளியே வரவில்லை, உள்ளே போனது. முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி இழுக்கிற மூச்சு மாதிரி. கொஞ்ச நேரத்தில் முன்னால் இன்ஜின் சத்தம் ஒரு சீராகிவிட்டது.

நான் கேட்டதைச் சொன்னேன். வீட்டுக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். மூடியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. அந்த ஓட்டையின் மேல்தான் மெழுகுத் துணி. பகல் வெயிலில் டாங்கு சூடாகி ஆவி பெருகுவதால் தெரியாது. ராத்திரிக் குளிரில் ஆவி சுருங்கி, பெட்ரோலை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஷெட்டுக்கு வந்ததும் காரியக்காரர் முதல் வேலையாகத் துணியை எடுத்துவிடுவார். நாங்கள் மூன்று தடவையும் நோய் போன பிறகுதான் நாடி பிடித்திருக்கிறோம். அவர்கள் நம்புவதற்காக வீட்டுக்காரர் திரும்பத் துணியை இறுக்கிக் கட்டி இன்ஜினை விரட்டினார். கால் மணி நேரத்தில் இருமியது. துணியை எடுத்தார், ‘உஸ்’, சரியாயிற்று. காரியக்காரர் கையிலிருந்த முத்திரையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு மிராசுதார் எங்களைப் பார்க்காமல் டாங்கைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப ஓட்டையத் தொறந்தே வைக்கணுங்கிற, அது வழியா எவனாவது எதையாவது ஊத்திட்டா?”

தாள்

கார்பன் வைத்து இரண்டு பிரதி நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. பெட்ரோலில் எந்தக் கலப்பும் இல்லை, மூடியைத் துணியால் கட்டி அரக்கு வைத்ததால் காற்று போகாமல் வண்டி நின்றது, இதைச் சொந்தக்காரர் முன்னிலையில் இரண்டு தடவை செய்து பார்த்தோம் என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்குமோ என்று நாலு தடவை படித்தேன். ஒரு பிரதியைக் காரியக்காரர் வாங்கிக்கொண்டார். மற்றதைக் கூலிக்காரர் தெருவுக்குள் நடந்து போய் அஞ்சலையிடம் கொடுத்தேன். அடியில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

கேஸ் எழுதவில்லை. கோவிந்தனை அன்று சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தது, குடிசையும் நின்றது. பண்ணையில் அவனை மறுபடி சேர்க்கவில்லை. மிராசுதாரும் எங்கள் ஷெட்டுக்கு அப்புறம் வரவில்லை, மன்னார்குடியில் வேறு மெக்கானிக்கிடம் போகிறார் என்று கேள்வி. ஷெட்டை என்ன செய்வார்களோ என்று அந்த வருஷம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை.

கோவிந்தனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாலாம் நாள் அவனே வந்தான். ஐம்பது வயதிருக்கும். இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். இரண்டு விரல்கள் நகம் கறுத்து வீங்கியிருந்தன. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அடித்தார்களா என்று நான் கேட்டேன், அது கேட்காத மாதிரி ஷெட்டில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரண்டு நாள் முந்தியே நீங்கள் காலையில் வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. என் வீட்டுக்காரரிடம், மெதுவாக, உண்மையான அக்கறையோடு கேட்டான்: “எசமான் வண்டி இப்ப காலையில நல்லா இழுக்குதுங்களா?”

ஆகவே, பழைய கார் வைத்துக்கொண்டு பாடுபடுகிற என் இனத்தாரே, காலையில் உங்கள் வண்டி இழுக்காவிட்டால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் டாங்கு மூடியையும் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.